டிஸ்க் வந்துவிட்டது, மெஷின் எழ மாட்டேன் என்கிறது

விஎம்வேரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விர்ச்சுவல் மெஷினின் (ஒரு சர்வருக்குள் சாஃப்ட்வேராகவே ஓடும் கம்ப்யூட்டர்) டிஸ்க் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து, கேவிஎம் (விஎம்வேர் செய்யும் அதே வேலைக்கு லினக்ஸில் இருக்கும் வசதி) போட்ட புது சர்வரில் வைத்து ஸ்டார்ட் கொடுத்தால், பட்டியலில் ‘ரன்னிங்’ என்று அழகாக வரும். பிங் அடித்தால் பதில் வராது. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் மெஷினை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து காப்பி எடுக்கிறார்கள். இருநூறு ஜிபி திரும்ப நகர்ந்து முடிய மதியம் ஆகிவிடும், முடிந்த பிறகும் அதே ‘ரன்னிங்’, அதே மௌனம். காப்பியில் கோளாறு இருப்பது ரொம்ப அபூர்வம். ‘ரன்னிங்’ என்றால் ஹோஸ்ட்டில், அதாவது நிஜ சர்வரில், மெஷினை ஓட்டும் கியூஇமு என்ற ஒரு புரோசஸ் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். உள்ளே கர்னல் ஏறியதா, இல்லை பயாஸ் திரையிலேயே நிற்கிறதா, அதெல்லாம் அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

இந்த வேலை இப்போது அதிகமாக வருவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது, டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்று சந்தா மட்டும் என்றானது, 2024 தொடக்கத்தில் ஈஎஸ்எக்ஸ்ஐ என்ற விஎம்வேர் சர்வர் மென்பொருளின் இலவசப் பதிப்பும் நின்றது (அடுத்த வருடம் திரும்ப வந்தது, அதற்குள் பலர் கிளம்பிவிட்டார்கள்). ஒரே ஒரு பெட்டியில் மூன்று நான்கு மெஷின் ஓட்டும் சின்ன ஆபீஸ்கள் கேவிஎம் பக்கமோ புராக்ஸ்மாக்ஸ் பக்கமோ நகர்கின்றன. புராக்ஸ்மாக்ஸுக்கு உள்ளே இருப்பதும் கேவிஎம்தான். கேவிஎம் ஒன்றும் நேற்று முளைத்தது இல்லை, 2007-இல் வந்த 2.6.20 லினக்ஸ் கர்னலிலேயே சேர்ந்துவிட்ட சமாச்சாரம். அதனால் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் எல்லாம் குடிபெயரும் அந்த ஒரு ராத்திரியில்தான்.

கெஸ்ட் பக்கத்திலிருந்து, அதாவது உள்ளே ஓடும் மெஷினின் பக்கத்திலிருந்து, யோசித்துப் பாருங்கள். நேற்று வரை அதற்கு ஒரு மதர்போர்டு, ஒரு டிஸ்க் கன்ட்ரோலர், ஒரு நெட்வொர்க் கார்டு இருந்தன. இன்று காலை ஷட்டவுனிலிருந்து எழுந்தால் டிஸ்க் மட்டும் பழையது, மற்ற எல்லாம் வேறு. ஒரு கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்பெனி கம்ப்யூட்டரில் மாட்டினால் என்னென்ன ஆகுமோ அதுவேதான் இங்கேயும் ஆகிறது. வித்தியாசம் என்னவென்றால் இந்த ‘வேறு கம்ப்யூட்டர்’ மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிய ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், நாம் நினைத்தால் மாற்றலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளும் அந்த வரிசையில்தான்: பயாஸ் டிஸ்க்கைப் பார்த்ததா, பூட்லோடர் (கர்னலை ஏற்றிவிடும் சின்ன புரோகிராம்) வந்ததா, கர்னலுக்கு டிஸ்க் தெரிந்ததா, ரூட் (ஓஎஸ் இருக்கும் பார்ட்டிஷன்) மவுண்ட் ஆனதா, அதற்கப்புறம்தான் நெட்வொர்க். பிங் போகவில்லை என்றதும் நேராக ஃபயர்வாலில் கைவைப்பவர்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள்.

எது நின்றது என்று தெரிய முதலில் திரையைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிறையப் பேர் பார்ப்பதில்லை. லிப்விர்ட்டின் (கேவிஎம் மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ‘விர்ஷ் கன்சோல்’ கட்டளையைக் கொடுப்பார்கள், ‘எஸ்கேப் கேரக்டர்’ என்று ஒரு வரி வரும், அதற்கு மேல் எத்தனை முறை என்டர் தட்டினாலும் ஒன்றும் வராது, உடனே மெஷின் ஹேங் ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது ஹேங் இல்லை. அந்தக் கட்டளை காட்டுவது சீரியல் போர்ட்டை. கெஸ்ட் கர்னலுக்கு ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0’ என்று யாரும் சொல்லி வைக்காவிட்டால் அது சீரியலில் ஒரு எழுத்தும் எழுதாது, விஎம்வேரிலிருந்து வந்த மெஷினில் அநேகமாக யாரும் சொல்லி வைத்திருக்க மாட்டார்கள். வெளியே வர கன்ட்ரோலும் வலது சதுர அடைப்புக்குறியும். அப்புறம் விர்ட்-மேனேஜரிலோ விர்ட்-வியூவரிலோ கிராஃபிக்ஸ் திரையைத் திறந்து பாருங்கள். கையில் எஸ்எஸ்எச் மட்டும்தான் இருக்கிறது என்றால் ‘விர்ஷ் ஸ்கிரீன்ஷாட்’ என்று ஒன்று இருக்கிறது, கெஸ்ட்டின் திரையை அப்படியே ஒரு படமாகச் சேமித்துத் தரும், எடுத்து வந்து பார்த்துக்கொள்ளலாம். இது தெரிந்தவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் கதை வேறு, அது சுலபமும்கூட. ஹோஸ்ட்டில் லிப்விர்ட்டின் லாக் ஃபோல்டருக்குள் கியூஇமு என்ற ஃபோல்டர், அதில் மெஷின் பெயரிலேயே ஒரு லாக் இருக்கும், கடைசிச் சில வரிகளைப் படித்தால் போதும். அதிகம் வருவது ‘பர்மிஷன் டினைட்’. நான் ரூட்டாகத்தானே ஓட்டுகிறேன் என்று கேட்பீர்கள். ஓட்டுவது நீங்கள், டிஸ்க் ஃபைலைத் திறப்பது கியூஇமு, அது தனக்கென்று ஒரு யூசர் வைத்திருக்கிறது, உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் அந்த யூசருக்கு அனுமதி கிடையாது. ஃபைலை லிப்விர்ட்டின் இமேஜஸ் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், முடிந்தது. சிஎச்மாட் 777 போட்டு எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். இன்னொன்று, மெஷின் எழுகிறது ஆனால் லாகின் வரவே அரை மணி நேரம் ஆகிறது என்றால் எக்ஸ்எம்எல்லின் முதல் வரியில் டைப் கேவிஎம் என்று இருக்கிறதா, வெறும் கியூஇமு என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் பிராசஸரின் உதவியே இல்லாமல் ஒவ்வொரு கட்டளையையும் சாஃப்ட்வேரிலேயே மொழிபெயர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஹோஸ்ட்டின் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆஃப் ஆகியிருக்கும். சிபியூ-இன்ஃபோவில் இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று கொடி தெரிகிறதா என்று தேடிவிட்டு, அப்படியே கேவிஎம் டிவைஸ் ஃபைல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கொடி இல்லையென்றாலோ, இருந்தும் டிவைஸ் ஃபைல் இல்லையென்றாலோ, பெரும்பாலும் பயாஸ்தான்.

டிஸ்க் ஃபைல் பற்றி ஒரு எச்சரிக்கை, இது எந்த எர்ரரும் காட்டாது என்பதால் சொல்கிறேன். விஎம்வேர் ஃபோல்டரைத் திறந்தால் ஒரு டிஸ்க்குக்கு இரண்டு விஎம்டிகே இருக்கும். ஒன்று சில நூறு பைட் உள்ள குட்டி டெக்ஸ்ட் ஃபைல், மற்றது ‘ஃபிளாட்’ என்று பெயரில் உள்ள பெரிய ஃபைல். கன்வெர்ட் செய்யும்போது கொடுக்க வேண்டியது குட்டி ஃபைலை, அது பெரியதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். இது தெரிந்தாலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஸ்னாப்ஷாட். பெயரின் கடைசியில் 000001 என்று இன்னொரு விஎம்டிகே தெரிந்தால், யாரோ எப்போதோ ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு மறந்துவிட்டார்கள், அன்றிலிருந்து எழுதியது எல்லாம் அந்தப் புது ஃபைலில்தான் போயிருக்கிறது. அடிப்படை ஃபைலை மட்டும் கன்வெர்ட் செய்தால் மெஷின் ஜம்மென்று எழும், லாகின் ஆகும், எல்லாம் ஓடும், டேட்டா மட்டும் ஒரு வருடம் முந்தையதாக இருக்கும். பில் போட உட்காரும் ஆள் சொல்லித்தான் தெரியவரும். விஎம்வேர் பக்கம் ஸ்னாப்ஷாட்டை எல்லாம் டெலீட் செய்து ஒன்றாகச் சேர்த்துவிட்டு, மெஷினை ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டு, அப்புறம் காப்பி எடுங்கள்.

சரி, திரையைத் திறந்தாயிற்று. ‘பூட்டிங் ஃப்ரம் ஹார்டு டிஸ்க்’ என்று வந்து அங்கேயே நின்றுவிட்டது, அல்லது ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்கிறது. டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று பதறாதீர்கள். பழைய மெஷினின் கான்ஃபிக் ஃபைலை (பெயர் விஎம்எக்ஸ் என்று முடியும்) நோட்பேடில் திறந்து ‘ஃபர்ம்வேர்’ என்று தேடுங்கள். ஈஎஃப்ஐ என்று இருந்தால் அந்த ஓஎஸ் யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்தது) முறையில் இன்ஸ்டால் ஆனது, நீங்கள் புதிதாக உருவாக்கியது பழைய பயாஸ் மெஷின். ஓவிஎம்எஃப் என்ற யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் போட்டு மெஷினை மறுபடி டிஃபைன் செய்தால் சரியாகிவிடும். டெபியனில் மட்டும் அதற்கப்புறமும் ஒரு படி இருக்கிறது: யூஇஎஃப்ஐ எந்த ஃபைலிலிருந்து பூட் ஆக வேண்டும் என்பதை டிஸ்க்கில் வைப்பதில்லை, என்விராம் என்ற மெஷினின் சொந்த நினைவகத்தில் வைக்கிறது, அந்த என்விராம் விஎம்வேரிலேயே தங்கிவிட்டது. என்விராமில் எதுவும் இல்லாவிட்டால் யூஇஎஃப்ஐ தேடும் மாற்று வழி ஃபைல் ஒன்று உண்டு, டெபியன் சாதாரணமாக அதையும் வைப்பதில்லை, அதனால் மஞ்சள் எழுத்தில் யூஇஎஃப்ஐ ஷெல் வந்து நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை. ‘எஃப்எஸ்0’ என்று தட்டி, ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் டெபியன் ஃபோல்டருக்குள் போய் கிரப் (லினக்ஸின் பூட்லோடர்) ஃபைலின் பெயரைக் கொடுத்தால் மெஷின் எழுந்துவிடும். உள்ளே போய் கிரப்-இன்ஸ்டால் ஒரு முறை ஓட்டிவிட்டால் அடுத்த தடவை தானாக வரும்.

கிரப் வந்து, கர்னலும் ஏறி, உடனே பேனிக் ஆகிறது என்றால் மேலே ஒரு வரி தள்ளிப் படியுங்கள். ரெட் ஹேட் 9 வகையறா (ராக்கி, அல்மா எல்லாம் சேர்த்து) என்றால் ‘சிபியூ டஸ் நாட் சப்போர்ட் எக்ஸ்86-64-வி2’ என்ற வரி அங்கே இருக்கும். ஹோஸ்ட் போன வருடம் வாங்கிய சர்வராக இருக்கும், எல்லா வசதியும் அதில் இருக்கும், ஆனால் எக்ஸ்எம்எல்லில் சிபியூ எது என்று எழுதாமல் விட்டால் கியூஇமு64 என்ற ரொம்பப் பழைய மாதிரி பிராசஸரைத்தான் கெஸ்ட்டுக்குக் காட்டும், அதில் அந்த வசதிகள் இல்லை. ஒரே பெட்டிதான், லைவ் மைக்ரேஷன் (ஓடும் மெஷினை வேறு பெட்டிக்கு நகர்த்துவது) எல்லாம் கிடையாது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹோஸ்ட்-பாஸ்த்ரூ (நிஜ பிராசஸரை அப்படியே காட்டுவது) போடுங்கள். புராக்ஸ்மாக்ஸில் அதற்குப் பெயர் வெறும் ‘ஹோஸ்ட்’.

இப்போது நிஜமான வில்லன். சென்டோஸ் 7. 2024 ஜூன் 30-ஓடு அதற்கு அப்டேட் எல்லாம் நின்றுவிட்டது, இருந்தாலும் எத்தனை ஆபீஸில் இன்னும் அதன் மேல்தான் பிழைப்பு ஓடுகிறது என்று வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த மெஷினைக் கொண்டுவந்து, டிஸ்க் பஸ்ஸை விர்ட்ஐஓ என்று வைத்து (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள வகை, வேகமானது அதுதானே) ஸ்டார்ட் செய்தால், கிரப் வரும், கர்னல் வரும், அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. பிறகு ‘டிராகட் இனிட்க்யூ டைம்அவுட்’ என்று ஒரே வரி திரும்பத் திரும்ப ஓட ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுமையாக இருந்தால் சென்டோஸ்-ரூட் என்று ஒன்று இல்லவே இல்லை என்று எச்சரித்துவிட்டு, எமர்ஜென்சி மோடுக்குப் போய், ‘டிராகட்’ என்ற பிராம்ப்ட்டில் கர்சர் மின்னும். அங்கே பிராக் ஃபோல்டரில் உள்ள பார்ட்டிஷன்ஸ் ஃபைலை கேட் செய்து பாருங்கள். தலைப்பு வரி இருக்கும், டிஸ்க் ஒன்றுகூட இருக்காது.

கிரப் அதே டிஸ்க்கிலிருந்துதானே கர்னலை எடுத்துக் கொடுத்தது, இப்போது டிஸ்க்கே இல்லை என்றால் எப்படி? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கிரப் டிஸ்க்கைப் படிப்பது பயாஸின் உதவியோடு, டிரைவர் எதுவும் அதற்குத் தேவையில்லை. கர்னல் வந்த பிறகு பயாஸுக்கு வேலை இல்லை, சொந்த டிரைவர் வேண்டும். அந்த டிரைவர்கள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னப் பொட்டலத்தில் வர வேண்டும். சென்டோஸ் 7-இல் அந்தப் பொட்டலத்தைக் கட்டும் டிராகட், இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக, அன்றைக்கு அந்த மெஷினில் என்ன ஹார்டுவேர் இருந்ததோ அதற்கு மட்டும்தான் டிரைவர் வைத்துக் கட்டும். அன்று இருந்தது விஎம்வேர். விர்ட்ஐஓ டிரைவர் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் டிஸ்க்கைத் திறக்க அந்த டிரைவர் வேண்டும். பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே வைத்த கதை.

இதற்கு ரெஸ்க்யூ சிடி தேடி அலைய வேண்டாம். ரீஸ்டார்ட் செய்து கிரப் மெனுவில் கீழே பாருங்கள், பெயரில் ‘ரெஸ்க்யூ’ என்றும் நீளமான ஒரு எண்ணும் உள்ள வரி ஒன்று இருக்கும். எல்லோரும் தினமும் பார்த்துக் கடந்துபோகும் வரி. அதன் பொட்டலம் மட்டும் எல்லா டிரைவரையும் சேர்த்துக் கட்டியது. அதைத் தேர்ந்தெடுத்தால் மெஷின் சாதாரணமாக எழுந்து லாகின் வரை வந்துவிடும். நெட்வொர்க் வராமல் போகலாம், அது இன்ஸ்டால் செய்த நாளின் பழைய கர்னல் என்பதால் அதற்கான மாட்யூல்கள் டிஸ்க்கிலிருந்து எப்போதோ நீக்கப்பட்டிருக்கும், பரவாயில்லை. உள்ளே போனதும் டிராகட்டை ஃபோர்ஸ் கொடுத்து ஓட்டுங்கள், ‘ரீஜெனரேட்-ஆல்’ போடுங்கள், கூடவே ‘நோ-ஹோஸ்ட்ஒன்லி’. கர்னல் எண் கொடுக்காமல் வெறுமனே ஓட்டினால் இப்போது ஓடும் அந்தப் பழைய கர்னலுக்குப் பொட்டலம் கட்டிவிட்டுப் போய்விடும், தினமும் பூட் ஆகும் கர்னல் அப்படியே இருக்கும். ஓட்டியும் வேலை ஆகவில்லை என்று வருபவர்களில் பாதி இந்த ரகம்.

இதைவிட நல்ல வழி, மெஷின் விஎம்வேரில் உயிரோடு இருக்கும்போதே இதே கட்டளையை ஓட்டிவிட்டு ஷட்டவுன் செய்வது. அப்போது இந்தப் பத்தி எதுவுமே தேவைப்படாது. உபுண்டு, டெபியன் பக்கம் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, அவை பொதுவான டிரைவர் எல்லாவற்றையும் பொட்டலத்தில் போட்டே கட்டுகின்றன. விர்ட்-வி2வி என்ற கருவி இதையெல்லாம் தானே செய்யாதா என்று கேட்கலாம். செய்யும், டிஸ்க்கை மாற்றி, உள்ளே புகுந்து பொட்டலத்தையும் புதிதாகக் கட்டித் தரும், கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். யாரோ ஏற்கெனவே கையால் மாற்றிவிட்டு உங்களிடம் கொண்டுவந்து நிறுத்தும் மெஷினுக்குத்தான் இது.

எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எஸ்டிஏ1, எஸ்டிபி1 என்று யாராவது கையால் எழுதி வைத்திருந்தால் அதுவும் இங்கே உதைக்கும், ஏனென்றால் விர்ட்ஐஓ டிஸ்க்கின் பெயர் விடிஏ. பெயருக்குப் பதில் யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) போட்டால் தீர்ந்தது.

விண்டோஸிலும் இதே நோய்தான், முகம் மட்டும் வேறு: நீலத் திரை, ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’, 7பி. தீர்வில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. டிஸ்க்கை முதலில் சாட்டா என்று வைத்து எழுப்புங்கள், பெரும்பாலும் எழும். ஒரு ஜிபி அளவில் ஒரு வெற்று டிஸ்க்கை உருவாக்கி, அதை மட்டும் விர்ட்ஐஓ என்று மெஷினோடு சேர்த்துவிடுங்கள். விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை சிடியாக மாட்டி உள்ளே டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தக் குட்டி டிஸ்க் தெரிந்ததும் ஷட்டவுன் செய்து, அதைக் கழற்றிவிட்டு, பெரிய டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். வெற்று டிஸ்க் எதற்கு என்றால், டிரைவர் ஃபைல் உள்ளே கிடந்தால் மட்டும் போதாது, பூட் நேரத்திலேயே ஏற வேண்டிய டிரைவர் இது என்று விண்டோஸ் குறித்துக்கொள்ள அந்த ஹார்டுவேரை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் விஎம்வேர் டூல்ஸ், கெஸ்ட்டுக்குள் போட்டிருக்கும் விஎம்வேரின் துணை மென்பொருள். அதை அங்கேயே அன்இன்ஸ்டால் செய்துவிட்டு வாருங்கள். இங்கே வந்து நீக்கப் போனால், நான் விஎம்வேர் மெஷினுக்குள் இல்லையே என்று மறுத்துவிடும்.

லினக்ஸ் எழுந்துவிட்டது, லாகின் ஆகிறது, ஐபி இல்லை. இதில் பெரும்பகுதி பெயர் பிரச்சினை. விஎம்வேரில் கார்டின் பெயர் இஎன்எஸ்192 என்று இருந்திருக்கும், இங்கே இஎன்பி1எஸ்0 என்றோ இஎன்எஸ்3 என்றோ வரும், ஏனென்றால் அந்தப் பெயரே கார்டு எந்த ஸ்லாட்டில் செருகப்பட்டிருக்கிறது என்பதை வைத்து வருவது. கான்ஃபிக் ஃபைல் பழைய பெயருக்கே காத்துக்கொண்டிருக்கும். மேக் முகவரியும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாறியிருக்கும், 00:50:56 என்றோ 00:0சி:29 என்றோ தொடங்கியது இங்கே 52:54:00 என்று தொடங்கும். பழைய மேக்கை வைத்து ரவுட்டரில் ஐபி ஒதுக்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பழைய மேக்கையே எக்ஸ்எம்எல்லில் எழுதிவிடலாம். விண்டோஸில் இதற்கு இணையான தொல்லை, பழைய ஐபியைக் கொடுத்தால் அது வேறொரு அடாப்டரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லும். போன விஎம்வேர் கார்டு ஆவியாக உட்கார்ந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் டிவைஸ்களைக் காட்டச் சொல்லி அதை நீக்குங்கள்.

இன்னொரு ரகம் இருக்கிறது, இதுதான் ஆட்களைக் கிறுக்குப் பிடிக்க வைக்கும். தெரிந்த பையன் ஒருவன் போன் செய்தான்.

“அண்ணா, கெஸ்ட்ல ஐபி சரியா இருக்கு, ஹோஸ்ட்ல இருந்து பிங் போகுது. ஆபீஸ்ல வேற எந்த சிஸ்டத்துல இருந்தும் போகல. ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் எல்லாருக்கும் வந்துச்சு.”

“அந்தப் பெட்டியில டாக்கர் போட்டியா தம்பி?”

“ஆமாண்ணா, ஒரு சின்ன டூலுக்காகப் போட்டேன். ஆனா அது தனியாத்தானே ஓடுது?”

தனியாக ஓடுவதில்லை. டாக்கர் (மென்பொருள்களைக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) 1.13 வெர்ஷனிலிருந்து ஐபிடேபிள்ஸின் (லினக்ஸின் ஃபயர்வால்) ஃபார்வர்டு செயினை, அதாவது கடந்துபோகும் பாக்கெட்டுக்கான விதி வரிசையை, டிராப் என்று வைத்துவிடுகிறது. பல வெர்ஷன்களில் கூடவே பிஆர்-நெட்ஃபில்டர் மாட்யூலையும் ஏற்றுகிறது, அது ஏறிய நொடியிலிருந்து பிரிட்ஜுக்குள் (கெஸ்ட்டை ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும், ஹோஸ்ட்டுக்குள்ளேயே இருக்கும் ஸ்விட்ச்) ஒரு போர்ட்டிலிருந்து இன்னொரு போர்ட்டுக்குப் போகும் பாக்கெட்கூட ஐபிடேபிள்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். கெஸ்ட் உட்கார்ந்திருப்பது அந்தப் பிரிட்ஜில். ஹோஸ்ட்டிலிருந்து வரும் பிங் ஃபார்வர்டு ஆவதில்லை, நேராகப் போகிறது, அதனால் தப்பிக்கிறது. வெளியிலிருந்து வருவது எல்லாம் டிராப்.

அவனை, போகும் வரும் பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு இடத்தில் ஓட்டச் சொன்னேன், ஒன்று சர்வரின் நிஜ நெட்வொர்க் கார்டில், இன்னொன்று விநெட்0-இல், அதாவது கெஸ்ட்டின் கேபிள் ஹோஸ்ட்டில் செருகியிருக்கும் முனையில். வெளியிலிருந்து பிங் அடித்தால் ஏஆர்பி கேள்வி (இந்த ஐபிக்கு மேக் எது என்று கேட்பது) இரண்டிலும் தெரிகிறது, கெஸ்ட்டின் பதிலும் இரண்டிலும் தெரிகிறது. அடுத்து வரும் பிங் ரிக்வெஸ்ட் நிஜ கார்டில் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது, விநெட்0-இல் ஒன்றுகூட இல்லை. ஏஆர்பி கடந்து போகிறது, ஐபி கடக்கவில்லை என்றால் கேபிளும் பிரிட்ஜும் கெஸ்ட்டும் சரி, நடுவில் ஐபியை மட்டும் பார்த்து வெட்டும் ஏதோ ஒன்று இருக்கிறது, அது ஐபிடேபிள்ஸ்தான். டிஎச்சிபியும் (தானாக ஐபி வாங்கும் முறை) இதே வழியில்தான் செத்துப்போகும் என்பதால், புதிதாக எழுப்பும் கெஸ்ட் என்றால் ஐபியே கிடைக்காது.

மருந்து இரண்டு. பிரிட்ஜ் பாக்கெட்டை ஐபிடேபிள்ஸுக்கு அனுப்பாதே என்று சிஸ்சிடிஎல்லில் (கர்னலின் அமைப்புகள்) ‘பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்’ஸைப் பூஜ்யம் ஆக்கலாம், அல்லது டாக்கர்-யூசர் செயினில் பிரிட்ஜுக்குள்ளேயே போகும் பாக்கெட்டை அனுமதிக்கும்படி ஒரு விதி சேர்க்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதலாவது சில நேரம் ரீபூட்டில் மாட்யூல் ஏறும் முன்னாலேயே அமலாகி வீணாகிவிடும், டாக்கரின் சொந்தத் தடுப்புகளையும் கொஞ்சம் தளர்த்திவிடும். உண்மையில் நல்ல பதில், ஹைப்பர்வைசர் பெட்டியில், அதாவது ஹோஸ்ட்டில், டாக்கர் போடாதீர்கள், அதற்கென்று ஒரு கெஸ்ட் உருவாக்கி அதற்குள் போடுங்கள் என்பதுதான். யார் கேட்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் அறிகுறியும் உண்டு: ஊரெல்லாம் பிங் செய்ய முடிகிறது, ஹோஸ்ட்டால் மட்டும் முடியவில்லை. பிரிட்ஜுக்குப் பதில் மேக்விடேப் (கெஸ்ட்டை நேராக நிஜ கார்டில் இணைப்பது) போட்டிருக்கிறீர்கள், அது அப்படித்தான், தேடிக்கொண்டிருக்காமல் பிரிட்ஜுக்கு மாறுங்கள்.

எழுப்பிய மெஷினைக் குளோன் செய்து இரண்டாவது ஒன்று உருவாக்கப் போகிறீர்கள் என்றால், மேக் வேறு வேறாக இருந்தும் இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைக்கிறதே என்று ரவுட்டரைச் சந்தேகிக்காதீர்கள். இன்றைய உபுண்டு சர்வர் டிஎச்சிபியில் தன்னை அடையாளம் சொல்வது மேக்கை வைத்து இல்லை, மெஷின்-ஐடி ஃபைலை வைத்து, அது குளோனோடு சேர்ந்து வந்துவிட்டது. அந்த ஃபைலைக் காலி செய்துவிட்டு (அழிக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும்) ரீபூட் செய்தால் புது ஐடி வரும். எஸ்எஸ்எச்சின் ஹோஸ்ட் கீகளும் அதே மாதிரி இரட்டையாக இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். விர்ட்-சிஸ்பிரெப் என்ற கருவி இரண்டையும் ஒரே போக்கில் செய்துவிடும், மெஷின் ஆஃப் ஆகியிருக்கும்போது ஓட்டுங்கள்.

கடைசியாக மணி. விண்டோஸ் கெஸ்ட் எல்லாம் சரியாக எழுந்து, கணக்கு மென்பொருளும் திறந்து, பில்லில் மட்டும் நேரம் ஐந்தரை மணி பின்னால் விழும். லிப்விர்ட் கெஸ்ட்டுக்கு யூடிசி (உலகப் பொது நேரம்) கடிகாரத்தைக் காட்டுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்எம்எல்லில் கிளாக் ஆஃப்செட்டை லோக்கல்டைம் என்று மாற்றுங்கள். மாற்றியும் சரியாகவில்லை என்றால் ஹோஸ்ட்டின் டைம்சோனே யூடிசியில் இருக்கும், அந்த லோக்கல் என்பது ஹோஸ்ட்டின் லோக்கல், அதையும் ஏசியா கொல்கத்தா ஆக்குங்கள். டொமைனில் சேர்ந்த மெஷின் என்றால் இதைச் சாதாரணமாக விட முடியாது, டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது, லாகினே ஆகாமல் நிற்கும், பாஸ்வேர்டைத்தான் எல்லோரும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

பழைய விஎம்வேர் பெட்டியில் அந்த மெஷினை உடனே அழித்துவிடாதீர்கள். நெட்வொர்க் கார்டை டிஸ்கனெக்ட் செய்து, ஆட்டோ ஸ்டார்ட்டையும் எடுத்துவிட்டு அப்படியே வைத்திருங்கள், இல்லையென்றால் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் அதுவும் எழுந்து அதே ஐபியோடு வந்து நிற்கும். மாதக் கடைசிக் கணக்கு ஒரு முறை புது இடத்தில் முடிந்து, பேக்அப் ஒன்றை எடுத்து வேறு எங்காவது திறந்து பார்த்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.